புதுச்சேரிக்கு வந்த கார்டிலியா 'எம்ப்ரஸ்': 35 வயது சொகுசுக் கப்பலின் கதை என்ன? உப்பளம் துறைமுகத்துக்குள் அது ஏன் வரவில்லை?

2025 ஜூலை 4. காலையில் கடற்கரைச் சாலையில் வாக்கிங் போனவர்களுக்கு வழக்கமான கட்டுமரம், ஃபைபர் படகுகளைத் தாண்டி இன்னொரு காட்சியும் கிடைத்தது. தூரத்தில், வெள்ளையாக, ஒரு அடுக்குமாடிக் கட்டடமே கடலில் நிற்பது மாதிரி ஒரு கப்பல். சென்னையிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்த கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' அது.

கப்பல் வந்தது. ஆனால் கரைக்கு வரவில்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. பயணிகள் சிறிய படகுகளில் ஏறி உப்பளம் புதிய துறைமுகத்தில் இறங்கினார்கள். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே படகுகளில் திரும்பிப் போனார்கள்.

ஒரு பக்கம் வரவேற்பு, இன்னொரு பக்கம் எதிர்ப்பு. "சூதாட்டக் கப்பல் நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று அரசியல் கட்சிகள் கேட்டன. "எங்க வலை என்ன ஆகும்?" என்பது மீனவர்களின் கவலை. வாட்ஸ்அப்பில் செல்ஃபியும் வந்தது, சண்டையும் வந்தது. இதற்கு நடுவில் அடிப்படையான சில கேள்விகளை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? உள்ளே என்ன இருக்கிறது? ஏன் உள்ளே வர முடியவில்லை? இதனால் நமக்கு என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிறந்தது பிரான்ஸில்!

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. எம்ப்ரஸ் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல். அந்நாட்டின் மேற்குக் கரையில், லுவார் நதி கடலில் கலக்கும் இடத்தில் சென்-நஸேர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. நார்மண்டி தொடங்கி குயின் மேரி 2 வரை உலகப் புகழ்பெற்ற பயணிகள் கப்பல்களைக் கட்டிய ஊர் அது. அங்குள்ள ஷான்தியே த லத்லாந்திக் தளத்தில்தான் எம்ப்ரஸும் உருவானது. 1989-ல் நீரில் இறக்கப்பட்டு, 1990-ல் சேவைக்கு வந்தது.

முதலில் இதை ஆர்டர் கொடுத்தது அட்மிரல் குரூஸஸ் என்ற அமெரிக்க நிறுவனம். வைக்க நினைத்த பெயர் 'ஃபியூச்சர் சீஸ்'. கட்டிக்கொண்டிருக்கும்போதே அட்மிரல் நிறுவனம் ராயல் கரீபியனோடு இணைந்துவிட்டது. பெயரும் 'நார்டிக் எம்ப்ரஸ்' என மாறியது. கியூபாவில் பிறந்த பாப் பாடகி குளோரியா எஸ்டெஃபான்தான் பெயர் சூட்டிய 'ஞானத்தாய்'. மேற்கத்திய கப்பல் உலகில் ஒவ்வொரு பயணிகள் கப்பலுக்கும் இப்படி ஒருவர் இருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கப்பல் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பது. அன்றைய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் பயணங்களுக்கானவை. குறுகிய பயணங்களுக்கு, பெரிய ரூட்டில் ஓடித் தேய்ந்த பழைய கப்பல்களைத்தான் தள்ளிவிடுவார்கள். ஆனால் நார்டிக் எம்ப்ரஸ் 3 இரவு, 4 இரவு பயணங்களுக்காகவே புதிதாகக் கட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை மயாமியில் ஏறி, பஹாமாஸ் போய்விட்டு, திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கான கப்பல்.

இப்போது சென்னையில் வீக்கெண்ட் டூர் என்று புக் செய்கிற ஐடி ஊழியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 35 வருடத்துக்கு முன்பு அமெரிக்காவுக்காகப் போட்ட பிளான், இன்று இந்தியாவுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஐந்து பெயர் மாற்றங்கள், மூன்று முதலாளிகள்

கப்பலின் வாழ்க்கைப் பயணத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

1990 – 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியனில் சேவை தொடக்கம்.

2004 – பெயர் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆனது. அந்த நிறுவனத்தின் கப்பல்கள் எல்லாம் 'ஆஃப் தி சீஸ்' என்று முடிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

2008 – ராயல் கரீபியனின் துணை நிறுவனமாக இருந்த ஸ்பெயினின் புல்மந்தூருக்கு மாற்றப்பட்டது. பெயர் வெறும் 'எம்ப்ரஸ்'.

2016 – மீண்டும் ராயல் கரீபியனுக்கே திரும்பியது. மறுபடி 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்'. ஆனால் திரும்பியதும் ஓடத் தொடங்கவில்லை. சமையல்கூடத்தையே பெரிய அளவில் பிரித்து மாற்ற வேண்டியிருந்ததால், அறிவித்த பயணங்கள் சில ரத்தாயின.

2017 – மயாமியிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குப் பயணம். ஞானத்தாய் பிறந்த நாட்டுக்கே கப்பல் போனது. இவ்வளவு கப்பல்கள் இருந்தும் இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஹவானா பழைய, சின்ன துறைமுகம். ராட்சதக் கப்பல்கள் அங்கே நுழைவது கஷ்டம். சின்னக் கப்பல் என்பதே இதற்குத் தகுதியானது.

2019 – அமெரிக்க அரசு கியூபாவுக்கான குரூஸ் பயணங்களைத் தடை செய்தது. அந்த ரூட் ஒரே நாளில் முடிந்துபோனது.

2020 – கொரோனா. உலகம் முழுக்க சொகுசுக் கப்பல்கள் ஆள் இல்லாமல் நின்றன. அந்த ஆண்டு இறுதியில் எம்ப்ரஸை விற்பதாக ராயல் கரீபியன் அறிவித்தது.

2021 – இந்தியாவின் கார்டிலியா குரூஸஸ் கைக்கு வந்தது. மறுபடியும் 'எம்ப்ரஸ்'. செப்டம்பரில் மும்பையிலிருந்து பயணங்கள் தொடங்கின.

இதில் 2016-ல் நடந்த இடமாற்றம் சாதாரண விஷயமில்லை. புல்மந்தூர் நிறுவனம் 2020-ல் நொடித்துப்போனது. அதன் இரண்டு பெரிய கப்பல்களான சாவரின், மோனார்க் ஆகியவை துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைக்கப்பட்டன. அவையும் இதே சென்-நஸேரில், கிட்டத்தட்ட இதே காலத்தில் கட்டப்பட்டவை. எம்ப்ரஸைவிட ஒன்றரை மடங்கு பெரியவை. பெரிய அக்காக்கள் இருவரும் பழைய இரும்பாகிவிட்டார்கள். சின்னவள் வங்காள விரிகுடாவில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

எவ்வளவு பெரிசு? 'சின்னக் கப்பல்'னு ஏன் சொல்றாங்க?

எம்ப்ரஸின் நீளம் சுமார் 211 மீட்டர். எல்எச்பி ரயில் பெட்டிகள் ஒன்பதை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு. அகலம் சுமார் 31 மீட்டர். மொத்தம் 11 தளங்கள். அறைகள் சுமார் 800. ஓர் அறைக்கு இரண்டு பேர் கணக்கில் 1,600 பேர். கூடுதல் படுக்கைகளையும் சேர்த்தால் 2,000 பேர் வரை போகலாம். இவர்களைக் கவனிக்க 600-க்கும் மேற்பட்ட ஊழியர்கள்.

அளவு 48,563 ஜிடி. செய்திகளில் இதை "48 ஆயிரம் டன் எடை கொண்ட கப்பல்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஜிடி என்றால் கிராஸ் டன்னேஜ். பெயரில் டன் இருந்தாலும் அது எடை இல்லை. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் மொத்தம் எவ்வளவு என்ற கொள்ளளவை வைத்துப் போடுகிற எண். வீட்டுக்கு 'எத்தனை சதுர அடி' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

டைட்டானிக் சுமார் 46,000 டன் என்று பதிவானது. அந்தக் காலத்துக் கணக்கு முறை கொஞ்சம் வேறு என்றாலும், எம்ப்ரஸ் ஏறக்குறைய அதே ரேஞ்ச். 1912-ல் உலகிலேயே பெரிய கப்பலாக இருந்த அளவு, இன்று 'ஸ்மால்' லிஸ்ட்டில் வருகிறது. ஏனென்றால், 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 ஜிடி. ஐந்து எம்ப்ரஸை அதற்குள் அடைத்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜிடி எண்ணைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். எம்ப்ரஸில் இது சுமார் 30. ஐகானில் சுமார் 44. அதாவது எம்ப்ரஸில் கொஞ்சம் நெருக்கம்தான். டிக்கெட் போடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே என்ன இருக்கு?

நுழைந்ததும் கண்ணில் படுவது பல தளங்கள் உயரத்துக்குத் திறந்திருக்கும் நடுக்கூடம். கண்ணாடி லிஃப்ட், சுற்றிலும் மாடிகள் என்று ஷாப்பிங் மால் மாதிரி இருக்கும். 1990-ல் இதுதான் இந்தக் கப்பலின் பெருமையாகப் பேசப்பட்டது. நீச்சல் குளம், தியேட்டர், உணவகங்கள், பார், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகளுக்கான இடம், பாறை ஏறும் சுவர், கேசினோ எல்லாம் உண்டு. இந்தியாவுக்கு வந்த பிறகு சைவம், ஜெயின் உணவு என மெனுவும், பாலிவுட் பாட்டு என நிகழ்ச்சிகளும் மாறின.

அறைகளில் நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள்பக்க அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட். இன்றைய புதுக் கப்பல்களில் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி இருக்கும். 1990-ன் பாணி வேறு. இதில் பால்கனி அறைகள் குறைவு. அதனால் விலையும் அதிகம். "பால்கனியில உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரி ரீல்ஸ் பார்த்தேன்" என்று மலிவான அறையை புக் செய்தால் ஏமாற்றம்தான்.

"35 வருஷப் பழைய கப்பல், பாதுகாப்பா இருக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. கப்பலின் பாதுகாப்பை வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பயணிகள் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் உலர் தளத்தில் ஏற்றி, அடிப்பகுதித் தகடுகளையும் சோதிக்க வேண்டும். சோலாஸ் என்ற சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களுக்கு 2010-ல் கடுமையான விதிகள் வந்தன. அதைத் தாண்ட முடியாமல் பல பழைய கப்பல்கள் ஓய்வு பெற்றன. எம்ப்ரஸ் அதற்குப் பிறகும் ஓடுகிறது.

பயணிகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், எந்தப் படகு என்று அதில்தான் சொல்வார்கள்.

ஏன் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தப் பக்கம்?

காரணம் மழைக்காலம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவு ரூட் ஓட்ட முடியாது. அப்போது வங்கக்கடலின் நம் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். அதனால் கப்பல் சென்னைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மேற்குக் கரைக்குத் திரும்பிவிடுகிறது.

2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையிலிருந்து முதல் பயணத்தைத் தொடங்கிவைத்தார். 2023-ல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகத் தொடங்கியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாக அந்த ஜூனிலேயே யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கும் போனது. போரில் முடங்கிக் கிடந்த துறைமுகம் அது. அங்கே ஒரு சொகுசுக் கப்பல் நின்றதை ஈழத் தமிழர்கள் இப்போதும் பேசுவார்கள்.

இந்தக் காலக் கணக்கில் மீனவர்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு, படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடலுக்குப் போகும். சரியாக அப்போதுதான் கப்பலும் வருகிறது. வலை விரித்திருக்கும் இடத்தில் பெரிய கப்பல் குறுக்கே போனால் நஷ்டம் யாருடையது? வம்பாகீரப்பாளையத்திலும் தேங்காய்த்திட்டிலும் மீனவர்கள் கேட்பதை வெறும் அரசியல் என்று ஒதுக்க முடியாது.

2022-ல் 'நோ', 2025-ல் 'எஸ்' – கேசினோ சர்ச்சை என்ன?

2022 ஜூனிலேயே எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு வர வேண்டியது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்தவர் தமிழிசை சௌந்தரராஜன். கப்பலில் சூதாட்டம் நடக்கிறது, கலாசாரம் கெடும் என்று எதிர்ப்பு வந்தது. அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் ஊரில் கால் வைக்காமலே திரும்பினார்கள். மூன்று வருடம் கழித்துதான் அனுமதி கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை இந்தியாவின் ஆட்சிப்பரப்பு. அதற்குள் நம் சட்டங்கள் செல்லும். அதனால்தான் உலகம் முழுக்கக் குரூஸ் கப்பல்கள், துறைமுகத்தில் நிற்கும்போது கேசினோவை மூடிவிட்டு, ஆழ்கடலுக்குப் போன பிறகு திறப்பது வழக்கம். உப்பளத்தில் இறங்கி வருகிறவர் சீட்டுக்கட்டோடு வரப்போவதில்லை. ஆனால் கரையருகே நிற்கும்போது மேசை மூடியிருக்கிறதா என்று யார் ஏறிப் பார்ப்பது என்ற கேள்விக்கு அரசு தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பாதி சண்டை குறையும்.

சரி, துறைமுகத்துக்குள்ள ஏன் வரல?

இதுதான் முக்கியமான விஷயம். கப்பல் மிதக்கும்போது அதன் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை 'டிராஃப்ட்' என்பார்கள். எம்ப்ரஸுக்கு இது 7 மீட்டருக்கும் மேல். அதற்குக் கீழேயும் ஒரு இடைவெளி வேண்டும். உப்பளம் துறைமுகம் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே மணல் சேர்ந்துகொண்டே இருப்பதால், தூர்வாரவில்லை என்றால் மீன்பிடிப் படகுகளே தரைதட்டுகின்றன. ஒன்பது ரயில்பெட்டி நீளக் கப்பல் அதற்குள் திரும்பவும் இடமில்லை.

உண்மையில் புதுச்சேரிக்கு என்றைக்குமே இயற்கையான துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் கப்பல்கள் கடலில்தான் நிற்கும். 'சலங்கு' என்ற படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். 19-ம் நூற்றாண்டில் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. பிறகு 1962-ல் வந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. ஆக, 2025-ல் நாம் பார்த்தது புதுக் காட்சி இல்லை. சலங்குக்குப் பதில் மோட்டார் படகு, அவ்வளவுதான்.

"அப்போ நல்லா ஆழப்படுத்திட்டா என்ன?" என்று தோன்றலாம். இங்கேதான் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1980-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. மணல் தெற்குப் பக்கம் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. மணல் இருந்த இடத்தில் பாறை கொட்ட வேண்டியதாயிற்று. நாம் செல்லமாகச் சொல்லும் 'ராக் பீச்' அப்படித்தான் ராக் ஆனது. பின்னர் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது. இன்னொரு பெரிய துறைமுகத் திட்டம் என்றால், அடுத்தது எந்த மீனவ கிராமத்தின் கரை போகும் என்று முதலில் கேட்க வேண்டும்.

உப்பளத்துக்கு என்ன லாபம்?

சாப்பாடு, தூக்கம், பொழுதுபோக்கு எல்லாம் கப்பலிலேயே கட்டணத்தில் அடங்கிவிடுகிறது. அதனால் பகலில் வந்து மாலையில் போகும் பயணி, ஹோட்டலில் தங்கும் பயணி மாதிரி செலவு செய்ய மாட்டார். இது உலகம் முழுக்க உள்ள நிலைமை.

நேரமும் குறைவு. ஒரு உதாரணத்துக்கு, 1,400 பேர் இறங்க வேண்டும், ஒரு படகில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். போக 14 நடை, திரும்ப 14 நடை. கடைசிப் படகில் வருகிறவருக்கு ஊரில் கிடைப்பது சில மணி நேரம்தான். அதையும் ஏசி பஸ்ஸில் ஏற்றி ஆரோவில், ஒயிட் டவுன் என்று ஏற்கெனவே பேசிவைத்த டூரில் கொண்டுபோய்விட்டால், உப்பளத்து ஆட்டோக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் கை அசைப்பதுதான் மிச்சம்.

ஆனால் இதை மாற்றலாம். பயணிகளைக் கரை சேர்க்கும் வேலையில் உள்ளூர்ப் படகுக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். துறைமுக வாசலில் ஆட்டோவுக்கு முன்பதிவுக் கவுன்ட்டரும், மகளிர் குழுக்களுக்குக் கடைகளும் போடலாம். ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேடு அதே ஆற்றங்கரையில், பக்கத்திலேயே இருக்கிறது. பாதி நாள் டூருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? கப்பல் வரும் தேதி, வழித்தடம், நங்கூரம் போடும் இடம் மூன்றையும் மீனவ கிராமங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் வலைச் சேதத்தையும் தவிர்க்கலாம். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

அடுத்து என்ன?

நார்வீஜியன் குரூஸ் லைனின் 'நார்வீஜியன் ஸ்கை', 'நார்வீஜியன் சன்' ஆகிய இரண்டு கப்பல்களையும் நீண்டகால வாடகைக்கு எடுப்பதற்கு கார்டிலியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2026, 2027 என அடுத்தடுத்து ஒப்படைப்பதாகத் திட்டம். இரண்டுமே 77,000 ஜிடிக்கும் மேல்; எம்ப்ரஸைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

சின்னக் கப்பலே வெளியில்தான் நின்றது. பெரியது வந்தால் இன்னும் அதிகம் பேர், இன்னும் அதிகப் படகு நடை. துறைமுகத்தை வெட்டி ஆழப்படுத்து என்ற குரலும் அப்போது பெரிதாகக் கேட்கும். அதற்கு முன் உப்பளம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: முகத்துவாரத்தைத் தூர்வாருவது யாருக்காக? வருடத்தில் சில நாள் வந்துபோகும் கப்பலுக்காக என்றால் யோசிக்க வேண்டும். தினமும் அதிகாலையில் கிளம்பிப் போகும் படகு தரைதட்டாமல் இருப்பதற்காக என்றால், அந்த வேலையை நாளைக்கே தொடங்கலாம். கப்பல் பயணிகளை ஏற்றிவரும் படகும் அதே வழியில்தான் வர வேண்டும்.